மஞ்சக்குட்டை கபடி மைதானத்தில் ஐந்து கேள்விகள்

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். ஏற்காட்டில் நான் ஜீப்பிலிருந்து விழவில்லை. என் தலையில் அடிபடவில்லை. 'இது என்ன ஊர்' என்று கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் நான் விழிக்கவும் இல்லை. சேலத்தில் என் கணவர் வீட்டுச் சொந்தக்காரர்கள் இரண்டு வாரமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் விரலைக் காட்டி 'இது எத்தனை' என்றார். அன்று கேள்வி கேட்டவள் நான். பதில் சொன்னவள் வேறொருத்தி. அவளைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பொங்கல் வாரத்தில் நான் சேலத்தில் இருப்பதில்லை. என் கணவர் போன பிறகு, தனியாக இருக்கிறாளே என்று ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக்கு அழைக்கிறார்கள். போனால் டிவி முன்னால் உட்கார வைக்கிறார்கள். அதற்குப் பயந்து ஒவ்வொரு ஆண்டும் எங்காவது கிளம்பிவிடுவேன். இந்த ஆண்டு ஏற்காடு. புதிய பஸ் நிலையத்திலிருந்து காலை ஏழேகாலுக்குப் புறப்பட்டேன். முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு, ஒன்றேகால் மணி நேரம். டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் ஓரம் பிடியுங்கள். நடுவில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரின் காலைச் சாப்பாடு என்ன என்பது பத்தாவது வளைவில் உங்களுக்குத் தெரியவரும்.

ஏரிக்கரை அருகே சுத்தமான ஒரு விடுதியில் நாளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு அறை. வெந்நீர் ஆறு முதல் எட்டு வரை என்று பலகை இருக்கிறது. ஆறு இருபதுக்குத்தான் வருகிறது. வரவேற்பில் சொன்னேன். மறுநாள் பலகையை மாற்றி எழுதியிருந்தார்கள். தவறைத் திருத்தும் இடங்களை நான் மதிக்கிறேன்.

இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காபிப் பழம் பறிக்கும் காலம் என்பதால் எஸ்டேட் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று பஸ் நிறுத்தத்தில் நின்ற பங்கு ஜீப்பில் ஏறினேன். மஞ்சக்குட்டைக்குத் தலைக்கு முப்பது ரூபாய். தூரம் பத்து கிலோமீட்டருக்குள்தான். ஆனால் டிரைவர் ஆறுமுகம் வழியில் தெரிந்தவர் எல்லாரையும் நலம் விசாரித்துக்கொண்டே போனதால் முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்தச் சாலையில் அவருக்குத் தெரியாதவர் யாரும் இல்லை.

"ஏனுங்கம்மா, இன்னிக்கு எஸ்டேட்ல ஒரு ஈ காக்கா இருக்காதுங்க. அத்தனை பேரும் கபடி பாக்கப் போயிட்டாங்க. புள்ளைங்க கபடிங்க. பைனலு. மஞ்சக்குட்டைக்கும் கிளியூருக்கும்" என்றார். பிறகு என்னிடம் கேட்காமலேயே பள்ளிக்கூட மைதானத்துக்கு ஜீப்பைத் திருப்பினார். அவருக்கும் ஆட்டம் பார்க்க வேண்டும் என்பது அதன் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மைதானம் செம்மண் தரை. சுண்ணாம்புக் கோடு. ஒரு பக்கம் சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் சுற்றி ஏறிய மிளகுக் கொடி, அதற்கும் மேலே ஏறி உட்கார்ந்த பையன்கள். நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி. கம்பியில்லா மைக்கோடு ஒரு அறிவிப்பாளர் மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார். யார் ரெய்டு போகிறார், யார் பிடித்தார், எத்தனைக்கு எத்தனை, எந்தக் கடைக்காரர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார் எல்லாம் அவர் வாயிலிருந்து இடைவெளியில்லாமல் வந்தன. மூச்சு விடாமல் பேசும் திறமையில் அவரே ரெய்டு போயிருக்கலாம்.

எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் நீலத் தொப்பி போட்ட ஒருவர். விளையாட்டு விடுதிக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்க வந்தவர் என்று ஆறுமுகம் காதில் சொன்னார். அவர் பார்க்க வந்தது மஞ்சக்குட்டை அணியின் கௌசல்யாவை. ஒன்பதாம் வகுப்பு. எஸ்டேட்டில் பழம் பறிக்கும் பழனியம்மாளின் மகள். விடுதியில் இடம் கிடைத்தால் தங்குமிடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். கிடைக்காவிட்டால் பத்தாவதோடு நிறுத்திவிட்டு அவளும் கூடை கட்ட வேண்டியதுதான். இதையும் ஆறுமுகம்தான் சொன்னார். மலையில் கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்காத இடங்களில்கூட ஆறுமுகம் கிடைப்பார்.

கௌசல்யா ஆடுவதைப் பார்த்தபோது கபடி தெரியாத எனக்கே முதுகு நிமிர்ந்தது. முதல் பாதியில் அவள் ஆறு முறை போனாள், ஐந்து முறை தொட்டுவிட்டுத் திரும்பினாள். நீலத் தொப்பிக்காரர் தாளில் ஏதோ குறித்தார்.

இரண்டாம் பாதி தொடங்கிச் சிறிது நேரத்தில் அது நடந்தது. கிளியூர்ப் பெண்கள் இரண்டு பேர் அவள் கணுக்காலைப் பிடித்தார்கள். அவள் முன்னால் சாய்ந்தாள். மூன்றாவது பெண்ணின் முழங்கால் அவள் நெற்றிப்பொட்டில் இடித்தது. விழுந்தவள் மெதுவாக எழுந்தாள். மிக மெதுவாக. மண்ணைத் தட்டினாள். பிறகு கிளியூர் அணியின் பக்கம் நடந்து போய், அவர்கள் வரிசையில் நின்று, பக்கத்தில் நின்ற கிளியூர்ப் பெண்ணின் கையைக் கோத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணும் பழக்கத்தில் கையைக் கொடுத்துவிட்டாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அறிவிப்பாளர், "கட்சி மாறிவிட்டார் கௌசல்யா" என்றார்.

நான் சிரிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இன்னொருவரும் சிரிக்கவில்லை. அவர்தான் மலர்விழி டீச்சர், அந்தப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியை. கழுத்தில் தொங்கிய விசிலோடு சேர்த்துக் கட்டியிருந்த ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார். லேமினேட் செய்த அட்டை. தலையில் அடிபட்ட விளையாட்டுப் பிள்ளைகளை எப்படிக் கண்டுகொள்வது என்று ஒரு பயிற்சி முகாமில் கொடுத்ததாம். அதில் ஐந்து கேள்விகள். இது எந்த இடம்? எந்தப் பாதி ஆட்டம் நடக்கிறது? கடைசிப் புள்ளி யார் எடுத்தார்கள்? இதற்கு முன் எந்த அணியோடு ஆடினீர்கள்? அதில் ஜெயித்தீர்களா?

அவர் வாயைத் திறக்கும் முன் கிளியூர்க்காரர்கள் தடுத்தார்கள். டீச்சரே கேட்டு டீச்சர் பிள்ளையே பதில் சொன்னால் எப்படி என்றார்கள். மஞ்சக்குட்டைக்காரர்கள், கிளியூர்க்காரர் கேட்டால் வேண்டுமென்றே குழப்புவார்கள் என்றார்கள். அந்த மலையில் இரண்டு ஊருக்கும் சொந்தம் இல்லாத ஆள் வேண்டுமென்று எல்லாரும் சுற்றிப் பார்த்தார்கள். நீலத் தொப்பிக்காரர், தேர்வு செய்பவர் இதில் தலையிடக் கூடாது என்று நகர்ந்துகொண்டார். கடைசியில் எல்லாக் கண்களும் என் மேல் நின்றன. என் கைப்பையும் கண்ணாடியும் நடுநிலையாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"மேடம், நீங்க கேளுங்க. ரெண்டு நிமிஷந்தான்" என்று டீச்சர் அட்டையை என் கையில் வைத்தார்.

கோட்டுக்கு வெளியே அவளை உட்கார வைத்து முதல் கேள்வியைக் கேட்டேன். ஒலிபெருக்கி நான்கு மூலையிலிருந்தும், "மஞ்சக்குட்டை பள்ளி மைதானத்தில் நடைபெறும் இந்த மாபெரும் இறுதிப் போட்டியின் இரண்டாம் பாதியில்" என்றது. இரண்டு கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. மைக்கை நிறுத்துங்கள் என்றேன். அன்பளிப்புக் கொடுத்தவர்களின் பெயர் இன்னும் பாதி பாக்கி, நிறுத்தினால் சண்டை வரும் என்றார் அறிவிப்பாளர். வேறு வழியில்லாமல் அவளை ஆறுமுகத்தின் ஜீப்புக்குள் ஏற்றி, இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டேன். உள்ளே நான், அவள், டீச்சர். பின்பக்கப் படுதா இடுக்கில் பதினைந்து தலைகள்.

மறுபடி கேட்டேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, தங்கு தடையில்லாமல் சொன்னாள். மஞ்சக்குட்டை பள்ளி மைதானம் மிஸ். இரண்டாம் பாதி மிஸ். நாங்கதான் மிஸ். செம்மநத்தம் மிஸ். ஜெயிச்சோம் மிஸ். ஐந்தும் சரி. இடுக்கிலிருந்த தலைகள் கைதட்டின. டீச்சர் பெருமூச்சு விட்டு அட்டைக்குக் கை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை. அந்த ராகம் எனக்குத் தெரியும். கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் பதினொரு வருடம் மறைக்கல்விக் கேள்விகளுக்கு நாங்கள் அதே ராகத்தில்தான் பதில் சொன்னோம். எங்கள் சிஸ்டர் ஒருவர் கேள்விகளைத் தலைகீழாகக் கேட்பார். ஏழாவது கேள்விக்கு மூன்றாவது பதில் வந்தால் அன்று மாலை முழங்கால் போட வேண்டும்.

"செம்மநத்தத்தோடு ஆடியதில் ஜெயித்தீர்களா?" என்று கேட்டேன்.

"மஞ்சக்குட்டை பள்ளி மைதானம் மிஸ்."

"இதற்கு முன் யாரோடு ஆடினீர்கள்?"

"இரண்டாம் பாதி மிஸ்."

மலர்விழி டீச்சர் தலையைக் குனிந்தார். கேட்டதும் சொல்லிவிட்டார், மறைக்கவில்லை. அட்டையைப் பார்த்ததும் பிள்ளைகள் இதில் பெயில் ஆகிவிடக் கூடாதே என்று பயந்திருக்கிறார். இரண்டு வாரமாகக் காலை வழிபாடு முடிந்ததும் ஐந்து கேள்விக்கும் விடை மனப்பாடம். எந்தப் பாதி என்பதற்கு மட்டும் எப்போதும் இரண்டாம் பாதி, ஏனென்றால் முதல் பாதியில் யாரும் அவ்வளவு மூர்க்கமாக ஆட மாட்டார்களாம்.

"நூத்துக்கு நூறு வாங்கணும்னு நெனைச்சேன் மேடம். அவ்வளவுதான்" என்றார்.

அட்டையின் மேல் பாதியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அது பாடம், கேள்வி கீழேதான் இருக்கிறது, அதனால் அதை நடத்தவில்லை என்றார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேல் பாதியைப் படித்தேன். அடிபட்ட பிறகு மெதுவாக எழுவது, தலையைப் பிடித்துக்கொள்வது, தடுமாறுவது, எங்கே இருக்கிறோம் என்று குழம்புவது, வெற்றுப் பார்வை. இதில் ஒன்று இருந்தாலும் பிள்ளையை உடனே ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், அன்று திரும்ப இறக்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லிவிட்டாலும் அடி இல்லை என்று அர்த்தமில்லை என்றும் இருந்தது. எதிரணியோடு கை கோத்த நிமிடத்திலேயே விஷயம் முடிந்துவிட்டது. கேள்வியே தேவைப்பட்டிருக்காது.

இருந்தாலும் சரிபார்க்காமல் ஒரு முடிவைச் சொல்வது என் வழக்கமில்லை. மாற்று ஆட்டக்காரியாக உட்கார்ந்திருந்த ஒரு ஒல்லிப் பெண்ணைக் கூப்பிட்டு, அதே கேள்விகளை அதே தலைகீழ் வரிசையில் கேட்டேன். அவள் ஒவ்வொன்றுக்கும் சரியாகச் சொல்லிவிட்டு, என்னை உற்றுப் பார்த்து, "மிஸ், உங்களுக்கு வரிசை மறந்துருச்சுங்களா? தலையில ஏதாச்சும் பட்டுச்சுங்களா?" என்றாள்.

இது படுதா இடுக்கு வழியாக அறிவிப்பாளருக்குப் போயிற்று. நான்கு மூலை ஒலிபெருக்கியிலும், சேலத்திலிருந்து வந்திருக்கும் அம்மையாருக்குத் தலையில் அடிபட்டிருப்பதாகவும் ஜீப்பில் வைத்துப் பரிசோதனை நடப்பதாகவும் அறிவித்தார். அப்போதுதான் அங்கே வந்து இறங்கிய சேலத்துச் சுற்றுலாக்காரர் ஒருவர் அதைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். ஹார்லிக்ஸ் வந்த வழி இதுதான்.

கடைசியாக ஒன்று கேட்டேன். "கௌசல்யா, இன்று காலையில் என்ன சாப்பிட்டாய்?"

அவள் யோசித்தாள். டீச்சரைப் பார்த்தாள். "அது சொல்லிக் குடுக்கலீங்க மிஸ்" என்றாள். பிறகு, "நீங்க யாருங்க மிஸ்?" என்றாள். ஜீப்பில் ஏறியதிலிருந்து மூன்றாவது முறையாக.

ஜீப்பை விட்டு இறங்கி, அவள் இன்று ஆடக் கூடாது என்று சொன்னேன். என்னை எந்த ஊர் என்று கேட்காமலே, நான் கிளியூர்ப் பக்கம் என்று மஞ்சக்குட்டை முடிவு செய்துவிட்டது. ஒரு பெரியவர், கீழே இருந்து மேலே வந்து குட்டையைக் குழப்புகிறாள் என்றார். இன்னொருவர், சின்ன வயதில் தலையில் விழுந்த அடியால்தான் தனக்கு மூளையே வேலை செய்கிறது என்றார். அதை நான் மறுக்கவில்லை. கௌசல்யா என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு ரெய்டு மட்டும் போயிட்டு வந்தர்றனுங்க மிஸ். அந்தத் தொப்பி சார் பாக்கறாருங்க" என்றாள். யார் நான் என்று தெரியாதவளுக்கு அந்தத் தொப்பி மட்டும் தெரிந்திருந்தது. ஆனாலும் முடியாது என்றேன். டீச்சரும் என் பக்கம் வந்து நின்று, விசிலைக் கழற்றி மாற்று ஆட்டக்காரியின் கையில் கொடுத்து, நீ போய் ஆடு, நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றார். விசிலை ஏன் கொடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

பழனியம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். மகளின் நெற்றியைத் தடவிப் பார்த்தார். "ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி மஞ்சப்பத்துப் போட்டா விடியறதுக்குள்ள சரியாப் போயிருமுங்கம்மா. ஆஸ்பத்திரிக்கெல்லாம் எதுக்குங்க" என்றார். நான் அட்டையைக் காட்டினேன். அவருக்கு அட்டையில் நம்பிக்கை இல்லை. இரண்டு வாரம் அந்த அட்டையைப் படித்த பிள்ளைதானே இப்படி இருக்கிறது என்றார். ஏற்காடு வரை என் செலவில் ஜீப், வந்து பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். முந்நூறு ரூபாய். ஆறுமுகம் பாதி ஆட்டத்தில் கிளம்ப வேண்டியிருந்ததால் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மூன்றாவது வளைவில் கௌசல்யா வாந்தி எடுத்தாள். என் மடியில். வெளிர்நீல நூல் புடவை. வாந்தி வந்தால் ஆபத்தான அறிகுறி என்று அட்டை சொல்கிறது, சீக்கிரம் ஓட்டுங்கள் என்றேன்.

"ஏனுங்கம்மா, மலையில வாந்தி எடுக்கறதெல்லாம் ஒரு அறிகுறிங்களா? அப்படிப் பாத்தா என்ற வண்டியில ஏர்ற பாதிப் பேருக்கு மண்ட ஒடஞ்சிருக்கோணும்" என்றார் ஆறுமுகம்.

அட்டை எழுதியவர் சமதளத்துக்காரராக இருக்க வேண்டும் என்று அந்த நிமிடம் எனக்கும் தோன்றியது. ஆனால் அதுவரை பேசாமல் வந்த பழனியம்மாள் திடீரென்று முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இவ பொறந்ததே ஜீப்புலதான். பதினாலு வருசமா இந்த ரோட்டுல போறா, வாரா. ஒருக்காக்கூட வாந்தி எடுத்ததில்லை. சாமி, வெரசா ஓட்டு" என்றார். ஆறுமுகம் அதன் பிறகு யாரையும் நலம் விசாரிக்கவில்லை. போன வழியில் முக்கால் மணி நேரம் எடுத்த தூரத்தை இருபது நிமிடத்தில் முடித்தார்.

ஏற்காட்டு மருத்துவமனையில் பார்த்துவிட்டு ஆம்புலன்சில் சேலத்துக்கு அனுப்பினார்கள். டீச்சரும் அம்மாவும் கூடப் போனார்கள். ஸ்கேனில் ரத்தக் கசிவு எதுவும் இல்லை. ஆனால் மூளை அதிர்ந்திருக்கிறது, ஓய்வு வேண்டும், படிப்பையும் ஓட்டத்தையும் படிப்படியாகத்தான் தொடங்க வேண்டும், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் கபடி கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டாம் முறை நான் யார் என்று அவளுக்குத் தெரிந்தது. "என்னைய ஆட வுடாத மிஸ்" என்றாள். சரியான விடை.

ஆட்டத்தில் மஞ்சக்குட்டை மூன்று புள்ளியில் தோற்றது. அன்று மாலை ஏற்காடு பஸ் நிறுத்தத்தில் நீலத் தொப்பிக்காரரைப் பிடித்தேன். அந்தப் பெண்ணின் ஆட்டத்தைப் பாதிதான் பார்த்தீர்கள், குணமான பிறகு மறுபடி பார்ப்பீர்களா என்று கேட்டேன். "பார்க்கலாங்கம்மா" என்றார். எப்போது என்றேன். "பார்க்கலாங்க" என்றார். அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது.

மஞ்சக்குட்டைப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு தவிர்த்துப் போனால்தான் எஸ்டேட்டில் ஆள் இருக்கும். கடைசி ஜீப் ஐந்தரைக்கு. ஜனவரியில் கம்பளி அவசியம், மாற்றுப் புடவை அதைவிட அவசியம். விளையாடும் பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த மாதிரி ஒரு அட்டை வைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் படியுங்கள், மேல் பாதியை முதலில். விடைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். தலையில் அடிபட்ட பிள்ளையைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அது நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும், இன்னும் ஒரே ஒரு ஆட்டம் என்று கெஞ்சினாலும், உட்கார வையுங்கள். உங்களைத் திட்டுவார்கள். கையில் குடை இருந்தால் சமாளிக்கலாம்.

இனி எழுதுவது ஒருவருக்கு மட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குட்டையில் நீலத் தொப்பி போட்டிருந்த ஐயா, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. உங்கள் அலுவலகத்துக்குப் போனேன், நீங்கள் வெளியூரில் இருப்பதாகச் சொன்னார்கள். இந்தப் பதிவை உங்கள் கண்ணில் படும்படி செய்வதாக அங்கிருந்த ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கௌசல்யாவை ஆட்டத்திலிருந்து எடுத்தது அவளுடைய குறையல்ல. அவள் ஆட மறுக்கவில்லை, அனுமதிக்கப்படவில்லை. மருத்துவர் ஆடலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகு அவளை இன்னொரு முறை முழுவதுமாகப் பார்த்து முடிவு செய்வீர்களா, மாட்டீர்களா? பார்க்கலாம் என்பதை நான் பதிலாக ஏற்றுக்கொள்ள மாட்டேன். தொலைபேசி வேண்டாம். இந்தப் பதிவின் கீழேயே ஒரு வரி போதும். ஆம் அல்லது இல்லை, எதுவானாலும் தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.